இரண்டாம் வகுப்பின் தேவை

பள்ளிக்கூடங்கள் கேட்கும் மானியப் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. சுனாமியில் அழிந்த ஒரு கடற்கரைப் பள்ளியின் இரண்டாம் வகுப்பிலிருந்தும் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு படிவம் வரும். மாணவர் முப்பத்தொரு பேர். தேவை: 'எங்கட டீச்சர் இன்னும் வரல்ல.' அப்படியொரு பள்ளி இல்லை என்று எழுதித் தள்ளிவிடுவேன். அந்த வகுப்பில் உயிர் தப்பியவர் ஸல்மா டீச்சர் மட்டும்தான்.

போன வெள்ளிக்கிழமை அவருடைய ஜனாஸாவை அடக்கினோம். திங்கள் காலை, அலுவலக உதவியாளர் ஆதம்பாவா படிவக் கட்டை மேசையில் வைத்தார்.

"சேர், அந்தக் கடலடிப் பள்ளிக்கூடத்திட ஃபோமும் வந்திரிக்கி. வழமபோல தள்ளிருவமா?"

"பொறுங்க காக்கா, பாப்பம்."

மாணவர் தொகை மாறவில்லை. தேவை என்ற இடத்தில் மட்டும் வேறு வரி இருந்தது.

'டீச்சர் வந்திட்டாங்க. போட்ல எழுத வெண்கட்டி ஒரு பெட்டி வேணும். நனையாததாத் தாங்க.'