மாடிச் சாமியின் சிவப்பு உடுப்பு

"இதுல நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்மா. மத்ததை ஆயர் பார்த்துக்குவார்."

பங்குப் பேரவைச் செயலாளர் காகிதத்தை நீட்டினார். சமையற்காரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாங்கினாள். சாமியார் வீட்டில் சமையல், துவைப்பு, பூசை உடுப்புகளுக்கு இஸ்திரி எல்லாம் அவள் தலையில்தான். முழங்கால் இரண்டும் எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டன. அவளால்தான் கொடுக்க முடியவில்லை.

ஓய்வு பெற்ற பெரிய சாமியைப் பங்குச்சாமி மாடியில் அடைத்து வைத்திருக்கிறார், கோயிலில் பூசை வைக்க விடுவதில்லை, யாரையும் பார்க்க விடுவதில்லை என்று மறைமாவட்டத் தலைவரான ஆயருக்கு எழுதியிருந்தது.

"இதுல எதாவது பொய் இருக்கா, சொல்லுங்க."

"உண்மையில பாதியைத்தான் எழுதியிருக்கீங்க. இந்த உடுப்பை விட்டுட்டீங்களே!"

மேஜையில் கிடந்த சிவப்புப் பூசை உடுப்பைத் தூக்கிக் காட்டினாள். கழுத்தோரம் நைந்து நூல் தொங்கியது.

"கீழே இவர் பச்சை, வெள்ளை, ஊதான்னு காலத்துக்கு ஒண்ணு மாத்திக்கிறார். மாடிக்கு மட்டும் வருஷம் பூரா இந்த ஒரே சிவப்பு. வேதத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சிகள் திருநாளுக்குப் போடுறது இது. தினமுமா வேதசாட்சி திருநாள் வருது? கிழவனுக்கு இது போதும்னு நினைப்பு!"

"பழைய பகைம்மா. பதினஞ்சு வருஷம் முன்னால இதே கோயில்ல இவர் பெரிய சாமிக்கு உதவியா இருந்தவர். என்னமோ தகராறு. இவரைத் தூக்கி எங்கேயோ ஒரு கோடியில போட்டாங்க. இப்போ இவர் கை ஓங்கியிருக்கு, வஞ்சம் தீர்க்கிறார்."

"இருக்கும் இருக்கும். எதுக்கும் பெரிய சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் காலையில போட்டுத் தர்றேன்."

யாரும் மாடி ஏறக்கூடாது, காலையில் வெந்நீர் பிளாஸ்கையும் வேளைக்குச் சாப்பாட்டையும் கீழ்ப்படியில் வைத்தால் போதும் என்பது பங்குச்சாமியின் உத்தரவு. மறுநாள் அவள் பிளாஸ்கைக் கையிலும் கடிதத்தை இடுப்பிலுமாக எடுத்துக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி ஏறினாள்.

கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே சின்ன மேஜையில் வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி. சிவப்பு உடுப்பில் பெரிய சாமி. பக்கத்தில் பங்குச்சாமி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பெரிய சாமி திருப்பிச் சொன்னார். நடுவில் மறந்து போய் முழித்தார். பங்குச்சாமி மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

அடக் கடவுளே, மனுஷனுக்கு நினைவே தப்பிப் போயிருக்கிறதே என்று அவள் கதவோரமே நின்றுவிட்டாள்.

பூசை முடிந்தது.

"இன்னைக்கு யார் திருநாள், தெரியுமாப்பா உனக்கு?" பெரிய சாமி கேட்டார்.

"சொல்லுங்க சாமி."

"போன்சியான், இப்போலித்து. ஒருத்தர் பாப்பரசர். இன்னொருத்தர் அவரை எதிர்த்து நின்னவர். முகம் கொடுத்துப் பேசிக்க மாட்டாங்க. ரோமாபுரி ராஜா ரெண்டு பேரையும் பிடிச்சுச் சுரங்க வேலைக்கு அனுப்பிட்டான். அங்கே கல்லு சுமக்கும்போது சமாதானம் ஆகி, அங்கேயே உயிரை விட்டாங்கன்னு சொல்லுவாங்க. அதான் ரெண்டு பேருக்கும் ஒரே நாள். சிவப்பு உடுப்பு."

"ஆமா சாமி."

"எனக்கு ஒரு உதவிச் சாமி இருந்தான். நல்ல பையன். ஜனங்க அவன் பின்னாடி போனது எனக்குப் பொறுக்கலை. அவன் மேல இல்லாததைச் சொல்லி ஆயருக்குக் கடுதாசி எழுதிட்டேன். இன்னைக்காவது அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். வருவானாப்பா?"

பங்குச்சாமி புத்தகத்தை மூடினார்.

"நான்தான் சாமி அது."

பெரிய சாமி உற்றுப் பார்த்தார். அப்புறம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"மன்னிச்சிட்டியாப்பா?"

"மன்னிச்சாச்சு சாமி."

அவரைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்த பங்குச்சாமி, வாசலில் அவளைப் பார்த்து நின்றார். கோபப்படவில்லை. கோபப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லாத மாதிரி இருந்தது.

"கோயில் காலண்டர்ல அந்தத் திருநாள் ஆகஸ்ட்லதானே போட்டிருக்கு சாமி? இப்போ பிப்ரவரி!"

"அவருக்குத் தினமும் ஆகஸ்ட் பதிமூணுதான். நான் இங்கே வந்த மறுநாள்லேர்ந்து, ஒன்றரை வருஷமா. அதான் நேத்தே பேசியாச்சே சாமின்னு ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். நம்பலை. அன்னைக்குப் பூரா பச்சைத்தண்ணி குடிக்கலை."

"இதை வெளியே சொல்லியிருக்கலாமே சாமி! உங்களை என்னென்ன பேசுறாங்க தெரியுமா?"

"சொன்னா எல்லாரும் பார்க்க வருவாங்க. அவரும் அந்தக் கடுதாசி விஷயத்தை எல்லார்கிட்டயும் சொல்லிடுவார். இந்த வயசுல அவருக்கு அந்தப் பேர் வேணாம்மா."

அவள் கை தானாக இடுப்பை மறைத்தது. அவர் பார்த்துவிட்டார்.

"மறைக்காதீங்க. செயலாளர் என்கிட்டயே சொல்லிட்டுத்தான் எழுதினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க, எனக்கும் அசதியா இருக்கு."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குப் பதிலா வர்றவர்கிட்ட மட்டும் சொல்லி வைங்கம்மா. தினமும் காலையில பெரிய சாமி கேப்பார். 'நான்தான் சாமி அது'ன்னு அவர் சொல்லணும்."