அரம் படாத குறிமுள்

கண்ணாடி அலமாரிக்குள், சிவப்பு வெல்வெட்டின் மேல், ஒரு பித்தளைக் குறிமுள் வெகுகாலமாகக் குடியிருந்தது. துப்பாக்கிக் குழலின் நுனியில் நின்று குறி காட்டப் பிறந்தது அது. ஆனால் ஒருநாளும் எந்தத் துப்பாக்கியிலும் ஏறினதில்லை. அதுவே அதற்குப் பெருமை.

"என் வகையில மிச்சம் இருக்கிறது நான் ஒருத்தன்தான்," என்று பக்கத்தில் கிடந்த பழைய துப்பாக்கி விசையிடம் தினமும் சொல்லும்.

"தெரியும் அண்ணே, நேத்தும் சொன்னீங்க," என்று விசை கொட்டாவி விடும்.

ஒருநாள், இவற்றையெல்லாம் சேகரிப்பவர் ஒரு பழைய துப்பாக்கியை வாங்கி வந்தார். அதன் நுனி மொட்டையாக இருந்தது.

"வாங்க தம்பி, உங்களுக்குத்தான் இடம் வச்சிருக்கேன்," என்றது துப்பாக்கி.

குறிமுள்ளின் அடி மயிரிழை அகலம் கூடுதல். கொஞ்சம் அராவினால் உட்கார்ந்துவிடும். அவர் அரத்தை எடுத்ததும் குறிமுள்ளுக்கு உயிரே போய்விட்டது. கீறல் விழுந்தால் அப்புறம் என்ன மதிப்பு? அவருக்கும் மனசு வரவில்லை. அதை வெல்வெட்டிலேயே படுக்கவைத்துவிட்டு, ஓர் இரும்பாணியை அராவிப் பொருத்தினார்.

"பார்த்தியா, என்மேல அரம் வைக்க யாருக்கும் கை வராது," என்று குறிமுள் மின்னியது.

மறுநாள் துப்பாக்கி வெளியே போய், கரியும் புழுதியுமாக அலமாரிக்குத் திரும்பியது.

"என்னடா பார்த்தே?" என்று விசை ஆணியைக் கேட்டது.

"கொட்டாங்குச்சியைச் சுட்டோம். அதுக்கு அப்பால, ரொம்ப தூரத்துல ஒரு மலை நின்னுச்சு."

"முதல்ல அவனை மூஞ்சி கழுவச் சொல்லு," என்றது குறிமுள்.

பிறகு குறிமுள் விசையின் பக்கம் மெல்லத் திரும்பியது.

"தூரம்னா எப்படி இருக்கும்னு அவன்கிட்ட கேட்டுக்கோ. பாவம், உனக்குத் தெரியாதில்ல."