இரண்டு கிலோமீட்டர்

மாலை வெயில் மேசைமேல் விரித்த வரைபடத்தில் சாய்ந்து கிடக்கிறது. மலைக் குடியிருப்பிலிருந்து திரும்பிய நர்ஸ், தடுப்பூசிப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே நிற்கிறாள். அதிகாரி ஸ்கேலை வைத்து அளக்கிறார். "ரெண்டு கிலோமீட்டர்தானேம்மா, அதுக்கா நாலு மணி நேரம்? நாளையிலேருந்து பக்கத்து ஊரையும் சேர்த்து முடிச்சிடுங்க." ஸ்கேலுக்கடியில் பழுப்பாய் ஏதோ தெரிய, டீக்கறை என்று கட்டைவிரலால் தேய்க்கிறார். போகவில்லை, விரலில் எச்சில் தொடுகிறார். "அது கறையில்ல சார், மலையோட உயரத்தைக் காட்டுற கோடுங்க. அவ்வளவு நெருக்கமா இருந்தா செங்குத்துன்னு அர்த்தம். ஒரு கோட்டுக்கு இருபது மீட்டர் ஏறணும்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனா முனையால் எண்ணுகிறார். பதினேழில் கணக்குத் தவறுகிறது. பெருமூச்சு விட்டு முதலிலிருந்து தொடங்குகிறார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். "மெதுவா எண்ணுங்க சார். ஏறும்போது நானும் அந்த இடத்துலதான் முடியாம உக்காந்தேன்."