இன்றைய பிழை

நகரத்து லிஃப்ட்களுக்கான நிரலை இயந்திரமே எழுதியது. அதில் பிழை வந்ததே இல்லை. பிழையே இல்லாவிட்டால் பயிற்சிப் பொறியாளர்கள் எதைத் தேடிக் கற்றுக்கொள்வார்கள்? அதனால் தினமும் காலையில் நிரலை நகலெடுத்து, அந்த நகலில் ஒரு பிழையை ஒளித்துவைத்துக் கொடுப்பது மங்கையர்க்கரசியின் வேலை. கண்டுபிடித்தவர் மாலைவரை வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்களும் தேட வேண்டுமே. வருடக்கணக்காக இதையே செய்து அவளுக்குச் சலித்துவிட்டது.

அன்று மதியம் கணவர் வீட்டிலிருந்து கூப்பிட்டார். "மங்கை, உங்கப்பா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரு. கதவு திறக்க மாட்டேங்குது. இவ்வளவு நேரம் தட்டிட்டிருந்தாரு, இப்ப சத்தத்தையே காணோம்."

அவள் பதறி எழுந்தாள். "எல்லாரும் வாங்க! கதவு நிரல்ல ஏதோ கோளாறு!"

பயிற்சிக்கு வந்திருந்த நிவேதன் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தான். "அது காலைலயே கிடைச்சிடுச்சு மேடம். சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன். இன்னைக்கு ரொம்ப நல்லா ஒளிச்சு வச்சிருந்தீங்க."

மங்கையர்க்கரசி அவன் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கு நான் எதையும் வைக்கலப்பா. அலுப்பா இருந்துச்சு. நகலை அப்படியே குடுத்துட்டேன்."