நாற்பத்து மூன்றாம் பெயர்

“ஆட்சேபணையை எழுந்து நின்னுதான் சொல்லணுமா?”

“ஆமாங்க ஐயா. உதவித்தொகை மறுபரிசீலனையில இப்ப ஒளிவுமறைவே கிடையாது. பட்டியலை ஏழு நாள் பலகையில ஒட்டியாச்சு. இன்னிக்கு எல்லார் முன்னாலயும் வாசிப்போம். எதுன்னாலும் அங்கேயே சொல்லிடணும்,” என்றார் குமாஸ்தா.

பெரியவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மடித்து வைத்த மனு வியர்வையில் நனைந்திருந்தது.

“நாற்பத்து மூணாம் பேரு. தையல்காரி. அப்பா இறந்துட்டார், ஆதரவில்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கா. பொய்.”

“அப்பா இருந்தா தொகை நின்னுடுமே. பாவம், புருஷனைப் பறிகொடுத்தவ. கைக்குழந்தை வேற.”

“புருஷன் போனது எப்போ?” என்றார் பெரியவர்.

“போன மழைக்காலத்துல. ஆமா, உங்களுக்கு இதுல என்ன வந்தது?”

“முப்பது வருஷம் பிறப்பு இறப்புப் பதிவாளரா இருந்தவன் நான். உயிரோட இருக்கிறவனைச் செத்தவன்னு ஒருநாளும் எழுதினதில்ல.”

“வேலைதான் உங்களை விட்டிருக்கு, நீங்க வேலையை விடல போல,” என்று முணுமுணுத்தபடி குமாஸ்தா உள்ளே போனார்.

கூடம் நிரம்பி வழிந்தது. பெரியவர் கடைசி வரிசையில் விறைப்பாக உட்கார்ந்தார். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

“நாற்பத்து மூணு,” என்றார் அதிகாரி.

முன்னால் ஒரு பெண் எழுந்தாள். தோளில் குழந்தை. ஊருக்கே துணி தைப்பவளின் ரவிக்கையில், கிழிசலை வேறு நிற நூல் பிடித்திருந்தது.

“அப்பா இறந்ததுக்குச் சான்றிதழ் இல்லையேம்மா?”

“இல்லைங்க.”

“அப்ப அவரைத் தெரிஞ்சவங்க யாராவது சொல்லணும். இல்லேன்னா பேரை அடிக்க வேண்டியதுதான்.”

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

“எனக்குத் தெரியும்,” என்று பெரியவர் எழுந்தார்.

நாலு வருஷமாய்க் கேட்காத குரல் கேட்டுத் திரும்பியவளின் முகம் வெளுத்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ‘போச்சு’ என்று குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டார்.

“முன்னால வந்து சொல்லுங்க ஐயா.”

நடக்க நடக்க, பைக்குள்ளேயே மனுவைக் கசக்கினார் பெரியவர்.

“அவர் செத்து நாலு வருஷமாச்சு. நான் சாட்சி.”

அதிகாரி குறித்துக்கொண்டார். பெரியவர் வாசலை நோக்கி நடந்தார். அவளைத் தாண்டும்போது, அவருக்கு மட்டும் கேட்கும்படி ஒரு குரல் உடைந்தது.

“அப்பா...”

பெரியவர் நிற்கவில்லை. செத்தவர் திரும்பிப் பார்த்தால், பெயரை அடித்துவிடுவார்களே.