நான்கு பள்ளங்கள்

"இந்தத் தோட்டா வெடிக்குமாண்ணே?"

கேட்ட பெண் அதைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். துப்பாக்கி பழுது பார்ப்பவர் அந்தத் தோட்டாவை வாங்கி விளக்கடியில் திருப்பினார். அரதப் பழசு.

"எங்கப்பா காலத்துல போலீஸ்காரங்க இடுப்புல இதுதாம்மா. அப்புறம் கைகழுவிட்டாங்க. மருந்து கம்மி. தடிமனா கோட்டு போட்டவனைச் சுட்டா துணியிலேயே நின்னுடும். ஈரம் பட்டுதோ, அதுவும் கிடையாது. பேருக்குத்தான் தோட்டா."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பூதக்கண்ணாடியை எடுத்துத் தோட்டாவின் பின்பக்கத்தைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு அடங்கிவிட்டது. துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம். ஒன்றல்ல, நெருக்கமாக நான்கு.

"இதை நாலு தடவை சுட்டுப் பார்த்திருக்காங்களே! வீட்ல யார் யாரும்மா இருக்கீங்க?"

"நானும் எங்க வீட்டுக்காரரும்தான். துப்பாக்கி மாமனாரோடது. கட்டில் பக்கத்துலயே இருக்கும்."

"சத்தம் கேட்டுதா?"

"ம். ஒவ்வொரு தடவையும் 'டிக்'குன்னு. அவ்வளவுதான். நெஞ்சே நின்னுடும்ணே."

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அடுத்த 'டிக்'குக்காக எப்படிப் படுத்துக் கிடந்திருப்பாளோ! அவருடைய தங்கையும் இப்படித்தான் வாயே திறக்கவில்லை. கடைசியில் புருஷன் கையாலேயே போய்ச் சேர்ந்தாள்.

"போலீசுக்குப் போம்மா."

"வேண்டாம்ணே." அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

லைசென்ஸைப் பார்க்காமல் காலித் தோட்டாவைக்கூடக் கையில் கொடுக்காத மனிதர் அவர். அன்று ஏனோ மனசு கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, அதே அளவில் புதுத் தோட்டா ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இது ஏமாத்தாது. துப்பாக்கியை நீயே எடுத்து ஒளிச்சு வச்சுக்கோ. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் எடு. அண்ணனா சொல்றேன்."

அவள் அதைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்து மூடினாள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றிண்ணே. நாலு தடவை நெத்தியில வச்சு அழுத்தியும் மனுஷன் குறட்டையை நிறுத்தலையேன்னு பயந்தே போயிட்டேன். தோட்டா மேலதான் குத்தம்னு இப்பதான் நிம்மதியா இருக்கு."