கல்தொட்டியின் தண்ணீர்

மழையில் நிரம்பியிருந்த கல்தொட்டி ஒன்றின் அடியில் சின்ன ஓட்டை விழுந்தது. முதல் நாள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியேறியது. அடுத்த நாள் வேகம் குறைந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தது.

சுவரில் இருந்த பல்லியிடம் தொட்டி ஆசையோடு கேட்டது: "பார்த்தாயா? தண்ணீருக்கு என்னைப் பிரிய மனமில்லை. இப்படியே குறைந்துகொண்டு வந்தால் நின்றுவிடும், இல்லையா?"

நீர்மட்டம் இறங்குவதைத் தினமும் கவனித்து வந்த பல்லிக்குக் கணக்குத் தெரியும். மேலே நிற்கும் தண்ணீரின் பாரம்தான் கீழே இருப்பதை வெளியே தள்ளுகிறது. பாரம் குறையக் குறைய வேகமும் குறையும். ஆனாலும் தொட்டி காலியாகத்தான் போகிறது. அதைச் சொல்லப் பல்லிக்கு வாய் வரவில்லை.

"பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னது.

தொட்டி தண்ணீரிடமே கேட்டது: "என்னோடு இருந்துவிடேன்."

"ஓட்டை ஒரு விரல் மேலே விழுந்திருந்தால் கொஞ்சமாவது இருந்திருப்பேன்" என்றது தண்ணீர்.

மறுநாள் வெயில் ஏறியபோது தொட்டியின் அடி காய்ந்து கிடந்தது. தொட்டி பல்லியிடம் மெல்லக் கேட்டது:

"கடைசியில் அது மெதுவாகத்தானே போனது?"

"ஆமாம்" என்றது பல்லி. "ரொம்ப மெதுவாகத்தான் போனது."